பூட்டைத் தொடாத திருடன்

முதலில் கையிலிருந்து தட்டு விழும். சோறு சிந்தும். "கவனம் எங்கே இருக்கு?" என்று அம்மா அதட்டுவார். ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. போன பருவத் தேர்வு வரை கணக்கில் கெட்டி. இப்போது வாய்ப்பாடு மறக்கிறது, கையெழுத்து கோணுகிறது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வருகிறது. வாத்தியார் விளையாட்டுப் புத்தி என்கிறார். பாட்டி கண்பட்டுவிட்டது என்கிறார். இன்னும் சில வாரங்களில், உட்கார்ந்திருக்கும்போதே பிள்ளையின் தலை சட்டென்று முன்னால் தொங்கி நிமிர்கிறது. தூங்கி விழுவதுபோல் இருக்கும். ஆனால் விழித்துத்தான் இருக்கிறது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால், சில நொடிகளுக்கு ஒரு முறை அதே துடிப்பு, ஏறக்குறைய அதே இடைவெளியில்.

இந்தத் துடிப்பைப் பார்த்ததும் நரம்பியல் மருத்துவர் ஒரு கேள்வி கேட்பார். திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன தாய்க்கு அது சம்பந்தமே இல்லாத கேள்வியாகத் தோன்றும்: "கைக்குழந்தையா இருக்கும்போது மணல்வாரி போட்டிருந்ததாம்மா?"

மருத்துவ நூல்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சி இது. தொட்டிலில் கிடந்த காலத்தில் வந்து, பத்துப் பதினைந்து நாளில் போய்விட்ட ஒரு காய்ச்சலுக்கும் இன்று கை நழுவி விழும் தட்டுக்கும் என்ன தொடர்பு? அதைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கே 30 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

இறங்கியதும் இறங்காததும்

அரசுப் பலகைகளில் அதன் பெயர் தட்டம்மை. ஊர்ப் பெரியவர்கள் சொல்வது மணல்வாரி. மணலை அள்ளி வாரி இறைத்ததுபோல் உடம்பெங்கும் பொடிப்பொடியாகச் சிவந்த தடிப்பு. கண்ணால் பார்த்தவர் வைத்த பெயர். முதலில் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு. கன்னத்தின் உட்புறம் உப்புப்பொடி ஒட்டியதுபோல் வெண்புள்ளிகள். 1896இல் இவற்றை விவரித்த ஹென்றி காப்லிக் என்ற நியூயார்க் மருத்துவரின் பெயரால்தான் அவை இன்றும் வழங்குகின்றன. பிறகு காதோரம் கிளம்பும் தடிப்பு முகம், மார்பு, கை கால் என்று மேலிருந்து கீழாகப் படரும்.

திண்டுக்கல்லில் மாசி பிறந்தால் மலைக்கோட்டை அடிவாரத்துக் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சொரிதல். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் வெளியாள் உள்ளே நுழைய மாட்டார். வீட்டில் தாளிப்பதுகூட நின்றுவிடும். தட்டம்மைப் பிள்ளை இருமிவிட்டுப் போன அறையில் 2 மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும் என்பது இப்போது தெரியும். நுண்ணோக்கி வருவதற்கு முன்பே ஊர் கண்டுபிடித்துக்கொண்ட தனிமைப்படுத்தல் அந்த வேப்பிலைக் கொத்து.

தடிப்பு மங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் "ஆத்தா இறங்கிட்டா" என்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது உண்மை. சில பிள்ளைகளுக்கு மட்டும் நோய் மூளையைத் தொட்டுவிடும். தொடுவது மூன்று விதமாக: நாள்கணக்கில், மாதக்கணக்கில், வருடக்கணக்கில். மூன்றும் ஒரே கிருமியால் வருபவை. ஆனால் மூளைக்குள் நடப்பது மூன்றிலும் வேறு வேறு.

கிருமி இல்லாத மூளைக்காய்ச்சல்

நாள்கணக்கில் வருவது இப்படி. தடிப்பு மங்கத் தொடங்கியிருக்கும். பிள்ளை எழுந்து உட்கார்ந்திருக்கும். திடீரென்று காய்ச்சல் மறுபடி ஏறும். தூக்கக் கலக்கம், வலிப்பு, நினைவு தப்புதல். தட்டம்மை வந்த 1,000 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இது நேர்கிறது. அவர்களில் பத்துக்கு ஒன்றிரண்டு பேர் இறக்கிறார்கள். பிழைப்பவர்களில் பலருக்கு வலிப்போ காதுகேளாமையோ அறிவு மந்தமோ மிஞ்சுகிறது. பிள்ளைகளுக்கான கதைகளால் உலகம் அறிந்த ரோல்ட் டாலின் மூத்த மகள் ஒலிவியா 1962 நவம்பரில் இறந்தது இதனால்தான். அவளுக்கு 7 வயது. தேறிவருகிறாள் என்று வீடு நிம்மதியடைந்திருந்த நேரத்தில், சில மணி நேரத்துக்குள் முடிந்துபோனது.

1790இலேயே ஜேம்ஸ் லூகாஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், தட்டம்மைக்குப் பின் நரம்பு மண்டலம் கெட்டுப்போவதைக் குறித்துவைத்திருக்கிறார். கிருமி மூளைக்குள் புகுந்து தின்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜான்சன், டயான் கிரிஃபின் குழுவினர் பெரு நாட்டின் லீமா நகரத்து நோயாளிகளை ஆராய்ந்து 1984இல் முடிவை வெளியிட்டபோது வியப்பு காத்திருந்தது. மூளையில் தேடினார்கள், கிருமி அகப்படவில்லை. அகப்பட்டது வேறு: நோயாளிகளின் வெள்ளணுக்களில் ஒரு பகுதி, நரம்பு இழைகளின் மேலுறையிலுள்ள புரதத்தையே எதிரியாக எண்ணிப் பாய்ந்துகொண்டிருந்தது.

மின்கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல் நரம்பிழையின் மேல் மையலின் என்ற கொழுப்புறை உண்டு. அது உரிந்தால் செய்தி ஓடாது. தட்டம்மையை விரட்டக் கிளம்பிய உடம்பின் சொந்தப் படை, ஆள் மாறி, வீட்டுக்காரரையே அடித்துவிடுகிறது.

படை ஏன் இப்படிக் குழம்புகிறது? தட்டம்மைக் கிருமி நேராகக் கைவைப்பது நோயெதிர்ப்பு அணுக்களின் மேல். ஏற்கெனவே கண்ட நோய்களை நினைவில் வைத்திருக்கும் அணுக்களை அது அழிக்கிறது. 1908இல் வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே என்ற மருத்துவர், காசநோய்ச் சோதனையில் தோல் தடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தட்டம்மை வந்ததும் தோல் தடிக்காமல் போனதைக் கண்டார். உடம்பு காசநோயை மறந்திருந்தது. 2019இல் நெதர்லாந்துப் பிள்ளைகள் 77 பேரின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு, பழைய எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போனதைக் காட்டியது.

இதில் ஒரு விநோதம். மற்ற நோய்களின் நினைவை அழிக்கும் தட்டம்மை, தன் நினைவை மட்டும் ஆயுளுக்கும் பதித்துவிட்டுப் போகும். 1846இல் வடக்கு அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் நோய் பரவி, 7,800 பேரளவில் இருந்த மக்களில் 6,000 பேருக்கு மேல் படுத்தார்கள். 1781இல் தட்டம்மை வந்து பிழைத்த கிழவர்களுக்கு 65 ஆண்டு கழித்தும் அது திரும்பி வரவில்லை. இதைக் கண்டு எழுதியவர் பீட்டர் பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர்.

மாதக்கணக்கில் வருவது அரிது. புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி தளர்ந்த பிள்ளைகளின் மூளையில் கிருமி தடுப்பாரின்றிப் பெருகும்; ஓராண்டுக்குள் தாக்கும். இங்கே படை குழம்பவில்லை, படையே இல்லை.

திண்டுக்கல் பூட்டும் கன்னக்கோலும்

நாம் தொடக்கத்தில் பார்த்த பிள்ளைக்கு வந்தது மூன்றாவது வகை. நீண்ட பெயரைச் சுருக்கி மருத்துவர்கள் எஸ்.எஸ்.பி.இ. என்பார்கள்: மெதுவாக முற்றி, மூளை முழுவதையும் இறுக்கிவிடும் அழற்சி. தட்டம்மை வந்து போனபின் பெரும்பாலும் 6 முதல் 10 ஆண்டு வரை சத்தமே இருக்காது.

1933இல் அமெரிக்க நோயியல் மருத்துவர் ஜேம்ஸ் டாசன், இப்படி இறந்த ஒருவரின் மூளை அணுக்களுக்குள் விநோதமான உருண்டைகளைக் கண்டு, ஏதோ வைரஸ் என்று ஊகித்தார். எந்த வைரஸ் என்று தெரியவில்லை. 1945இல் பெல்ஜியத்தில் வான் போகார்ட் இதே நோயை வேறு பெயரில் விவரித்தார். 1965இல் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்த பிரெஞ்சு ஆய்வாளர்களுக்கு அந்த உருண்டைகள் தட்டம்மைக் குடும்பத்து வைரஸ் போலத் தெரிந்தன. 1967இல் பெல்ஃபாஸ்ட் மருத்துவர்கள் நோயாளிகளின் உடம்பில் தட்டம்மைக்கு எதிரான புரதம் மிதமிஞ்சி இருப்பதைக் கண்டார்கள். 1969இல் மூளைத் திசுவிலிருந்து வைரஸையே வளர்த்துக் காட்டினார்கள். தொட்டில் காலத்துக் காய்ச்சலும் பள்ளிக்கூடத்துத் துடிப்பும் ஒரே கிருமியின் வேலை என்பது அப்போதுதான் உறுதியானது.

விடை கிடைத்ததும் அதைவிடப் பெரிய கேள்வி வந்தது. இந்தக் கிருமி மூளைக்குள் பரவவே முடியாதே!

ஏன் முடியாது என்பதைத் திண்டுக்கல்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். இந்த ஊர் மாங்காய்ப் பூட்டின் உள்ளே லீவர்கள் அடுக்கடுக்காக இருக்கும். சாவியின் பல் ஒவ்வொரு லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு திறக்கும். ஒன்று பிசகினாலும் திறக்காது. உயிரணுவின் மேற்பரப்பிலும் அப்படிப் பூட்டுகள் உண்டு. தட்டம்மையிடம் இரண்டு சாவிகள் இருக்கின்றன. ஒன்று, நோயெதிர்ப்பு அணுக்களில் இருக்கும் 'ஸ்லாம்' என்ற புரதத்துக்குச் சேரும். 2000இல் ஜப்பானில் கண்டுபிடித்தது. மற்றது, மூச்சுக்குழாயின் உட்சுவர் அணுக்களில் இருக்கும் 'நெக்டின்-4' என்ற புரதத்துக்குச் சேரும், 2011இல் தெரியவந்தது. முதல் சாவியால் உடம்புக்குள் நுழைகிறது. இரண்டாம் சாவியால் மூச்சுக்குழாய்க்கு வந்து இருமலோடு வெளியேறுகிறது. மூளையின் நரம்பணுக்களில் இந்த இரண்டு பூட்டுமே கிடையாது. சாவி போட இடமே இல்லாத கதவு.

பூட்டு எவ்வளவு உறுதியானாலும் திருடன் கதவு வழியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. பழைய காலத்துத் திருடன் பூட்டைத் தொடவே மாட்டான். கன்னக்கோலால் சுவரில் ஓட்டை போடுவான். கன்னம் வைத்தல் என்று அதற்குத் தனிப் பெயரே இருந்தது. மூளைக்குள் தட்டம்மை செய்வது அதுதான். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவிலுள்ள பொதுச்சுவரில் கன்னம் வைத்து, தெருவுக்கே வராமல் வீடு வீடாகப் போகிறது.

வழக்கமான தட்டம்மைக் கிருமியின் உடலில் 'எஃப்' என்ற புரதம் இருக்கிறது. கிருமியின் உறையையும் அணுவின் சவ்வையும் ஒன்றாக இணைப்பது அதன் வேலை. சாவி பூட்டில் சேர்ந்தால்தான் அது அசையும். நோயாளிகளின் மூளையில் கிடைத்த கிருமிகளில் இந்த எஃப் புரதம் மாறியிருக்கிறது. ஓரிரு எழுத்துப் பிழை போதும். அது நிலைகொள்ளாமல், சின்னத் தூண்டுதலுக்கே சவ்வுகளை இணைத்துவிடுகிறது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆழமாகப் பார்த்திருக்கிறார்கள். நரம்பணுவின் சொந்தச் சவ்விலேயே இருக்கும் சில புரதங்கள் மாறிய எஃபுக்குத் தூண்டுகோலாகின்றன என்று 2021இல் கண்டார்கள். பல மாற்றங்களைச் சுமந்த மரபுச் சரங்கள் ஒன்றாகவே அடுத்த அணுவுக்குள் புகுந்து, ஒன்றின் குறையை ஒன்று ஈடுகட்டுவதையும் பின்னர் காட்டினார்கள். இந்தத் திருட்டு கூட்டுக்களவு.

இத்துடன் முடியவில்லை. கிருமியைக் கட்டி முடித்து வெளியே அனுப்புவது 'எம்' என்ற புரதம். மூளையில் அது சிதைந்துபோகிறது. 1988இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு நோயாளியின் மூளையிலிருந்த கிருமியின் எம் மரபணுவில் ஒரே வகை எழுத்தில் ஏறத்தாழ பாதி இன்னோர் எழுத்தாக மாறியிருந்தது. ஒரு புத்தகத்தில் பாதி 'க' எல்லாம் 'ச' ஆனால் எப்படி இருக்கும்! தற்செயல் பிழை இப்படி ஒரே திசையில் ஓடாது. அந்நிய மரபுச் சரத்தைத் திருத்தும் நம் அணுவின் நொதி ஒன்றின் கைவண்ணம் இது என்பது ஆய்வாளர்களின் முடிவு. உடம்பு எதிரியின் புத்தகத்தைக் கிறுக்கிவைத்தது. ஆனால் கிறுக்கியது எதிரியைக் கொல்லவில்லை. வெளியேறும் பக்கத்தைக் கிழித்துவிட்டு உள்ளேயே தங்கவைத்தது.

வெளியே வராத கிருமியை எதிர்ப்புப் புரதங்கள் பிடிக்க முடியாது. அதனால்தான் நோயாளியின் ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் அந்தப் புரதம் வெள்ளமாக இருந்தும் பயனில்லை. தெரு நிறைய போலீஸ், திருடனோ சுவருக்குள். 2023இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள், இறந்த ஒருவரின் மூளையில் பல இடங்களிலிருந்து கிருமியை எடுத்து மரபெழுத்துகளை ஒப்பிட்டு, அது நெற்றிப் பக்கத்து மூளையில் கூடி, அங்கிருந்து மற்ற பகுதிகளுக்குப் பரவிய தடத்தை வரைந்தார்கள். நெற்றி மூளை என்பது குணமும் கவனமும் திட்டமும் குடியிருக்கும் இடம். வாய்ப்பாடு மறந்ததையும், காரணமில்லாத அழுகையையும் இந்த வரைபடத்தோடு சேர்த்து வாசிக்கலாம்.

பிள்ளையின் தலையில் மின்வாய்களை ஒட்டி இ.இ.ஜி. எடுத்தால், துடிப்புக்கு ஒன்றாக உயர்ந்த அலைகள் தாளில் ஏறி இறங்கும். 4 முதல் 10 நொடிக்கு ஒரு முறை, கோயில் மணியைப் போல. அந்த ஒழுங்கைப் பார்த்தே அனுபவமுள்ள மருத்துவர் நோயைச் சொல்லிவிடுவார். சொன்னபின் செய்வதற்குத்தான் அதிகம் இல்லை. ஐசோப்ரினோசின் மாத்திரையும் இன்டர்ஃபெரான் ஊசியும் சிலருக்கு நோயின் வேகத்தைத் தணிக்கலாம். குணமாக்கும் மருந்து கிடையாது. பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் பிள்ளை படுக்கையாகி, பார்வையும் பேச்சும் போய், உயிரும் போகிறது.

வெளியேறும் வழி அடைபட்டதால் இந்தக் கிருமி யாருக்கும் தொற்றாது. பிள்ளையைக் கட்டிப்பிடிக்கலாம், கூடப் படுக்கலாம். கிருமியின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இது முட்டுச்சந்து. பத்தாண்டு பாடுபட்டு, பிள்ளையோடு தானும் அழிகிறது. யாருக்கும் லாபமில்லாத கொலை.

புதன்கிழமை ஊசி

யாருக்கு இது வருகிறது? பதில் மனத்தைப் பிசையும். தட்டம்மை வந்தபோது வயது எவ்வளவு குறைவோ, ஆபத்து அவ்வளவு அதிகம். கலிபோர்னியாவில் 1988 முதல் 1991 வரை பரவிய தட்டம்மையைப் பின்தொடர்ந்த ஆய்வு, 5 வயதுக்குள் நோய் கண்டவர்களில் 1,367 பேருக்கு ஒருவருக்கும், ஒரு வயதுக்குள் கண்டவர்களில் 609 பேருக்கு ஒருவருக்கும் எஸ்.எஸ்.பி.இ. வந்ததாகக் கணக்கிட்டது. 609க்கு ஒன்று என்றால் நடுத்தர அளவுள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளை.

தடுப்பூசியிலுள்ள கிருமி இதைச் செய்யுமா என்று கேட்பது நியாயம். நோயாளிகளின் மூளையிலிருந்து எடுத்து மரபெழுத்து படித்த கிருமிகள் எல்லாம் ஊரில் பரவும் தட்டம்மைக் கிருமிகளே. ஊசிக் கிருமி ஒன்றுகூட இல்லை. தடுப்பூசி பரவிய நாடுகளில் எஸ்.எஸ்.பி.இ. ஏறக்குறைய மறைந்தேவிட்டது.

அந்த ஊசியின் வேர் 1954இல் பாஸ்டன் பக்கத்தில் ஒரு பள்ளிச் சிறுவனிடமிருந்து எடுத்த கிருமி; எட்மன்ஸ்டன் வகை என்று இன்றும் பெயர். இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்துக்குள் அது வந்தது 1985இல். மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானதும் அதே ஆண்டுதான். இரண்டாம் தவணை 2010இல் சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் தட்டம்மையோடு ரூபெல்லாவையும் தடுக்கும் ஊசியைத் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள எல்லாருக்கும் போட்டார்கள். கோட்டை மாரியம்மனுக்கு மாசித் திருவிழா நடக்கும் பருவத்திலேயே பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கைநீட்டி நின்றார்கள். வாட்ஸப்பில் வதந்திகளும் அதே வேகத்தில் ஓடின. பல பெற்றோர் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. முகாமின் நாட்களை நீட்டவேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். கிராமத்து நர்சம்மா பழுப்புநிறக் குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுப்பார். வெளிச்சம் பட்டால் மருந்து கெடும். உள்ளே இருப்பது பொடி. கரைத்தபின் 4 மணி நேரத்துக்குள் தீர்க்கவேண்டும். வலது மேற்கையில், தோலுக்குக் கீழே. முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், அடுத்தது 16 முதல் 24 மாதத்துக்குள். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே, சின்னாளப்பட்டி பக்கத்தில் காந்திகிராமத்தை 1947இல் தொடங்கிய டாக்டர் சௌந்தரம், மருத்துவத்தைக் கிராமத்து வாசலுக்கே கொண்டுபோகவேண்டும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையின் இன்றைய உருவம் இந்தக் குளிர்பெட்டி.

ஏன் 9 மாதம் வரை காத்திருக்கவேண்டும்? தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் குழந்தையின் ரத்தத்தில் மிச்சமிருந்தால், ஊசி மருந்தையும் எதிரியென்று நினைத்து அழித்துவிடும். அந்தக் காவல் மெல்லத் தேய்ந்து, ஊசிக்கு வழிவிடும்வரை பொறுக்கவேண்டும். பல குழந்தைகளுக்குத் தாயின் காவல் 9 மாதத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். ஆக, மூளையில் கன்னம் வைக்கக் கிருமிக்கு மிக வாய்ப்பான வயது எதுவோ, அந்த வயதில் குழந்தைக்குச் சொந்தப் பூட்டு இல்லை.

அடுத்த வீட்டுப் பூட்டு

1957இல் பார்ட்லெட் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் இங்கிலாந்து ஊர்களின் கணக்கைப் பார்த்து ஒன்றைக் கண்டார். ஏறத்தாழ 2.5 முதல் 3 லட்சம் மக்கள் இல்லாத ஊரில் தட்டம்மையால் தொடர்ந்து குடியிருக்க முடியாது. இருப்பவர்களையெல்லாம் தொற்றி முடித்து, புதிய குழந்தைகள் போதாமல் அணைந்துவிடும். மறுபடி வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். பிறப்பு விகிதத்தைப் பொறுத்து இந்த எண் ஊருக்கு ஊர் மாறும். 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் நகரத்தில் 2 லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் தட்டம்மை இந்த ஊர்க்காரன் இல்லை, விருந்தாளி. மதுரை, திருச்சி, கரூர், பழனி என்று நாலு திசை ரயிலும் கூடும் சந்திப்பில், பேருந்து நிலையக் கூட்டத்தில் அவன் இறங்குகிறான். எதிர்ப்பே இல்லாத ஊரில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றுவார். அதனால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் எதிர்ப்பு இருந்தால்தான் அவன் தங்க இடமில்லாமல் திரும்புவான்.

இது நடக்கக்கூடியது என்பதற்குச் சான்று மாட்டுத்தொழுவத்தில் இருக்கிறது. தட்டம்மைக்கு மிக நெருங்கிய பங்காளி, மாடுகளைக் கொத்துக்கொத்தாகச் சாய்த்த வெக்கை நோய். பெரிய நகரங்கள் எழுந்த காலத்தில் மாட்டிலிருந்து மனிதருக்குத் தாவிய கிருமிதான் தட்டம்மை ஆனது என்பது ஆய்வாளர்கள் கருத்து. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011இல் அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் அது. ஒழித்த கருவி தடுப்பூசிதான். மாட்டுக்கு முடிந்திருக்கிறது.

பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஊர் இது. தன் கதவில் பூட்டுப் போட முடியாத வீடு ஒன்று ஒவ்வொரு தெருவிலும் இருக்கும்: 6 மாதக் குழந்தை தொட்டிலில் தூங்கும் வீடு. அந்தக் குழந்தைக்குத் திருடன் வராமல் இருப்பது அதன் கையில் இல்லை, அதன் தாயின் கையிலும் முழுதாக இல்லை. எதிர்வீட்டு மூன்று வயதுப் பையனுக்கு இரண்டாம் தவணை போட்டாயிற்றா என்பதில் இருக்கிறது. பத்து வருடம் கழித்து ஆறாம் வகுப்பில் அந்தக் குழந்தையின் கையிலிருந்து தட்டு விழாமல் இருந்தால், அது ஏன் விழவில்லை என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. எதிர்வீட்டுக்காரருக்கும்.